பாதியாகாத எண்கள்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு மே மாதம். தம்பி கல்யாணத்துக்காகக் காரைக்கால் தருமபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அப்போது நான் ஐரோப்பாவில் ஒரு சின்க்ரோட்ரான் கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. எலக்ட்ரான்களைப் பெரிய வளையத்தில் சுற்றவிட்டு, மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் இடம் அது. பொருளில் பட்டுச் சிதறும் கதிர்களை டிடெக்டர் என்ற கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். அது கொட்டும் எண்களை ஒன்றுவிடாமல் கம்ப்யூட்டரில் சேர்ப்பதுதான் என் வேலை.

கல்யாணத்துக்கு மறுநாள் ஆராய்ச்சிக் குழுத் தலைவரிடமிருந்து தந்தி. ஆய்வுக் கட்டுரையை வெள்ளிக்கிழமை அறிவியல் பத்திரிகைக்கு அனுப்புகிறோம், சம்மதம் தெரிவிக்கவும் என்று இருந்தது. அந்த எண்களில் எனக்கு முன்பே சந்தேகம் உண்டு. கிளம்புமுன் சொன்னபோது, "உன் வேலை ஒயர் மாட்டுவதோடு சரி" என்று சிரித்துவிட்டார்.

பெட்டியில் கொண்டுவந்திருந்த அச்சுத் தாள்களை வீட்டுக் கூடத்தில் விரித்தேன். ஒரே அளவீட்டை, கதிரின் குறுக்கே அலுமினியத் தகடு வைத்து ஒருமுறையும் வைக்காமல் ஒருமுறையும் எடுத்திருந்தோம். தகடு கதிரைப் பாதியாகக் குறைக்கும். எண்களும் பாதியாக வேண்டும். எட்டாவது வரை படித்த என் அண்ணி இரண்டு தாளையும் மாறி மாறி வாசித்தார், நான் குறித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்.

"எல்லாம் பாதியாவுது. இந்தப் பெரிய நம்பருங்க மட்டும் ஏன் ஆவல?"

அதேதான்! கதிர்கள் மிக நெருக்கமாக வரும்போது கருவி எண்ணி முடிக்க முடியாமல் பலவற்றைத் தவறவிட்டிருக்கிறது. கட்டுரையின் முடிவோ அந்தப் பெரிய எண்களை நம்பித்தான் நின்றது.

நான் சம்மதம் தர மாட்டேன் என்றதும் அப்பா பயந்துபோனார். "பெரியவங்கள பகைச்சுக்கிட்டு எங்கம்மா போயி நிப்ப?"

"இங்கதாம்ப்பா வந்து நிப்பேன். தப்புன்னு தெரிஞ்சதுக்கு என் பேரக் குடுக்க மாட்டேன்."

தொலைபேசி நிலையத்துக்குப் போய் ஐரோப்பாவுக்கு டிரங்க் கால் பதிந்தேன். மத்தியானம் முழுக்கக் காத்திருந்த பிறகு லைன் கிடைத்தது. பெரிய எண்கள் பாதியாகாததை இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இங்கே ஒன்பது பேர் பார்த்துவிட்டோம்" என்றார் தலைவர்.

"ஒன்பது பேர் பார்த்தாலும் விட்டுப்போனது விட்டுப்போனதுதான். என் பெயரை எடுத்துவிட்டு அனுப்பினால் பத்திரிகைக்கு நானே எழுதுவேன்."

"அப்படியானால் நீ திரும்பி வர வேண்டாம்."

சத்தம் நின்றது. ஆபரேட்டர் அம்மாள் மெதுவாகக் கேட்டார்: "வச்சுட்டாருங்க. திரும்பப் போடவா?"

"வேணாங்க. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்."

ஆனாலும் வர வேண்டாம் என்றவர் முன்னால் ஜூன் மாதம் போய் நின்றேன். துரத்தினால் நேருக்கு நேர் துரத்தட்டும் என்ற வீம்பு.

அவர் ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். கட்டுரையை நிறுத்திவிட்டு, கதிரை நன்றாகக் குறைத்து மறுபடி அளந்திருக்கிறார். நான் சொன்னது சரியாக இருந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, திருத்திய கட்டுரையை என்னையே எழுதச் சொன்னார்.

எழுதினேன். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அண்ணியின் பெயரைச் சேர்த்தேன்.

"யார் இது?" என்றார்.

"பிழையைக் கண்டுபிடித்தவர்."

எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. அப்படியேதான் அச்சாகி வந்தது.

பெரிய படிப்பின் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கும் பழக்கம் அந்தக் கோடையோடு என்னைவிட்டுப் போனது. இன்றுவரை அதைத் திரும்பி வர நான் விட்டதில்லை.