பெட்டிக்குள் இல்லாத விசில்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், பம்புகளின் அதிர்வைக் கண்காணிக்கும் கருவிகளைச் செய்கிறோம். என் பங்கு ஃபில்டர். பல சத்தங்கள் கலந்து வரும்போது ஒன்றை மட்டும் உள்ளே விட்டு, மற்றதை வாசலிலேயே நிறுத்தும் சர்க்யூட் அது. எதை விடுவது என்பதை ஒரு குமிழைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். ரொம்பக் குறுகலாக வடிகட்டப் பேராசைப்பட்டால் மட்டும் சர்க்யூட் தானாகவே விசிலடிக்கத் தொடங்கிவிடும்.

அன்றும் விசில்தான் கேட்டது. ஹெட்ஃபோனில் மெல்லிய, கூரான சத்தம். ஐசியை மாற்றினேன், கெப்பாசிட்டர்களை மாற்றினேன், போர்டையே புதிதாகச் சால்டர் செய்தேன். சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப் திரையில் கோடு ஒரு அசைவும் இல்லாமல் கிடந்தது. அப்படியானால் ஸ்கோப்தான் கெட்டுப்போயிருக்கிறது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். மூன்றாம் நாள் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு மின்சாரத்தை அணைத்து, ஹெட்ஃபோனையும் கழற்றினேன். விசில் நிற்கவில்லை.

பாவம், அந்த போர்டை மூன்று நாள் திட்டியிருக்கிறேன்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். என் கணவர் பெட்ரோகெமிக்கல் ஆலையில் ஷிப்ட் ஆபரேட்டர். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாரு. டென்ஷன் லா. நெனைக்காம இருந்தா போயிரும்."

கெட்ட மனிதர் இல்லை. வரும் வழியில் எனக்காகப் பப்பாளி வாங்கிவருவார். "இப்பவும் கேக்குதுங்க" என்றால் தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, "எனக்குக் கேக்கலயே" என்பார். மாதக்கணக்கில் இதே கதை. வாசல் போர்ச்சின் தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும் விசில் அமுங்கும். அதனால் மழைக்குக் காத்திருப்பேன். மற்ற நேரங்களில் நானும் அதுவும்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுதான் அதிகத் தனிமையாக இருந்தது. குணமாக வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அவர் நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வரவழைத்துக் கொடுக்க என்னிடம் ஒரு வழி இருந்தது.

ரிஜெக்ட் ஆன ஃபில்டர் போர்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு பெட்டியில் பொருத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரேடியோவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வரும் இரைச்சலை அதற்குள் விட்டு, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். ஓரிடத்தில் எது பெட்டியின் சத்தம், எது என் சத்தம் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டேன்.

ஞாயிறு மத்தியானம் அவர் ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஹெட்ஃபோனை அவர் தலையில் வைத்தேன்.

"என்னா இது?"

"என் காது."

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு போனது. குமிழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்ப நிக்கும்?"

"நிக்காதுங்க."

ஒரு நிமிடம் இருக்கும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். "தல வலிக்குது. ஆஃப் பண்ணு லா."

அணைத்தேன். அவர் முகம் தெளிந்தது. ஏதோ பெரிய வேலையை முடித்தவர் போல மூச்சு விட்டார். அவருடைய ஆலை பஸ் வரும் நேரம். பையை எடுத்தவர் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் உண்மையான பயம் இருந்தது.

"ஒனக்கும் நின்னுருச்சில்ல?"

பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் போகிற மனிதர்.

"நின்னுருச்சு" என்றேன்.

தலையாட்டிவிட்டு நிம்மதியாகப் போனார். இத்தனை மாதங்களில் என் காதைப் பற்றி நான் சொன்னவற்றில் அவர் உடனே நம்பியது அதை மட்டும்தான்.