போறவனுக்கு ஒரு பெயர்

தென்காசியில் சாரல் விழும் நாட்களில் டி.வி. இரையும் சத்தமும் ஓட்டின்மேல் மழை இரையும் சத்தமும் ஒன்றுபோலவே கேட்கும். மைமூன் சாச்சி வீட்டு முன்கூடமான ‘பட்டாசலில்’, அத்தர் மணக்கும் பாயில் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகத் தெரிந்த விண்வெளிக் கப்பலை ஞாயிறுதோறும் தெருப் பிள்ளைகள் நாங்கள் பார்த்தது அந்த இரைச்சலுக்கு நடுவில்தான். சாச்சி எங்களுக்கு அடுத்த வீடு. அவர் கணவர் சாகுல் சாச்சா சவூதியில் கட்டட வேலையில் இருந்தார். ஒருமுறை ஊர் வந்தபோது அவர் கொண்டுவந்த டி.வி. அது.

தொடர் இங்கிலீஷில் ஓடும். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் ஒன்று மட்டும் எங்களுக்குப் பிடிபட்டிருந்தது. கேப்டனும் டாக்டரும் புதுக் கிரகத்தில் இறங்கும்போது, அதுவரை நாங்கள் பார்த்திராத ஒருவன் கூடவே இறங்குவான், விளம்பரம் வருவதற்குள் செத்தும் போவான். அவனுக்கு நாங்கள் ‘போறவன்’ என்று பட்டம் வைத்திருந்தோம். கேப்டன் ஒரு நொடி குனிந்து பார்ப்பார், பிறகு கதை அவனைத் தாண்டி நடந்துவிடும். அங்கே ஆபத்து உண்டு என்று காட்டவும் வேண்டும், கேப்டனும் சாகக்கூடாது. கதை எழுதுகிறவர்களுக்கு அவன் ஒரு வசதி. இது இன்று புரிகிறது. அன்று போறவனை முதலில் கண்டுபிடிப்பது யார் என்பதில்தான் எங்கள் கவனமெல்லாம்.

சாச்சிக்கு அது ஆகாது. “பெத்தவ ஒரு பேரு வச்சிருப்பாள்லா,” என்பார். அரிசியில் கல் பொறுக்கியபடியே முகத்தைப் பார்த்துப் பெயர் வைப்பார். சப்பை மூக்குக்காரன் செல்லத்துரை ஆனான், ஒல்லிக்குச்சி பீர்முகம்மது ஆனான். சாச்சா பெயரை மட்டும் அவர் எவனுக்கும் வைத்ததில்லை. போறவன் விழுந்ததும், சாவுச் செய்தி கேட்டால் ஓதுவதை மெல்ல ஓதிவிட்டு, “இவன் வீட்டுக்கு யாருலே தாக்கல் சொல்லுவா?” என்று எங்களிடம் கேட்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஐந்தருவியில் கூட்டம் நெரிந்த ஒரு சீசனில், தெருமுனை ஜவுளிக்கடைக்குச் சவூதியிலிருந்து போன் வந்திருப்பதாகச் சாச்சியைக் கூப்பிட்டார்கள். அம்மாவும் நானும் கூடப் போனோம். கட்டடச் சாரம் சரிந்து ‘தென்காசி’ இறந்துவிட்டார் என்றாராம் பேசியவர். அங்கே வேலையாட்கள் தங்கும் முகாமில் ஆளை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார்கள்.

“எந்தத் தென்காசி? பேரச் சொல்லுங்க,” என்றார் சாச்சி.

போனில் பேசியவருக்குத் தெரியவில்லை. கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு சாச்சி நின்றார். சவூதியில் எத்தனையோ தென்காசிக்காரர்கள், வேறு யாராவதாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். யாரென்று தெரியாத போறவன்களுக்கெல்லாம் பெயர் வைத்த சாச்சி அப்படி வேண்டியிருக்கமாட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த ஆள் திரும்பி வந்து சொன்ன பெயர் சாகுல் ஹமீது.

அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கணவனை இழந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ‘இத்தா’ நாட்கள் முழுக்க டி.வி.யின்மேல் ஒரு போர்வை கிடந்தது. அது முடிந்த ஞாயிறன்று சாச்சியே எங்களைக் கூப்பிட்டுவிட்டார். வழக்கம்போல ஒருவன் புதிதாக இறங்கினான். விளம்பரம் வந்தது, போனது, அவன் சாகவில்லை. கடைசியில் கப்பலுக்குள், கேப்டனுக்குப் பின்னால் ஓரமாக நின்றிருந்தான். எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவனுக்கு என்ன பேர் சாச்சி என்று கேட்டேன்.

“இவந்தான் வந்துட்டாம்லா. இனி அவனே சொல்லிக்கிடுவான்,” என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சாச்சா இறந்தபிறகு அவர் எங்கள் முன்னால் அழுதது அன்றுதான்.

சாச்சி இப்போது இல்லை. அந்த வீட்டை இடித்து பைக் ஷோரூம் கட்டிவிட்டார்கள். பழைய தொடர் முழுவதும் போனிலேயே கிடைக்கிறது, புள்ளியில்லை, இரைச்சலில்லை. முடிவில் ஓடும் பெயர்களில் கேப்டன் உண்டு, டாக்டர் உண்டு, போறவன் இல்லை. போன ஞாயிறு தற்செயலாக அந்தச் சப்பை மூக்குக்காரன் வந்த கதை அகப்பட்டது. விழுந்தான். கேப்டன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். செல்லத்துரை, என்று சொல்லிப் படத்தை அங்கேயே நிறுத்தினேன். மேற்கொண்டு ஓடவிட மனம் வரவில்லை.