அங்கனன்னா எங்கன?

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. காரணம் ஒரே ஒரு வார்த்தை.

‘அங்கன.’

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே, அந்தப் பக்கம், அந்த மூலையில் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் வைத்திருக்கும் சொல் அது. கையை நீட்டி ‘அங்கன’ என்று சொன்னால் போதும், பாளையங்கோட்டையில் பாதி வேலை நடந்துவிடும்.

ஆனால் நீட்டுகிற கையைப் பார்க்க எதிரில் இருப்பவருக்குக் கண் தெரிய வேண்டுமே?

என் வீட்டுக்காரரை வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். ஒன்றை மட்டும் எழுதியதில்லை. அவருக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இரண்டு வருடமாகச் சுத்தமாக இல்லை. விழித்திரைக் கோளாறு. எழுதாதே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை, எனக்குத்தான் கை வரவில்லை. இந்த வாரம் எழுதச் சொன்னதே அவர்தான்.

சாஃப்ட்வேர் வேலை. பெங்களூர் கம்பெனி, வீட்டிலிருந்தே பார்க்கிறார். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. பைய பைய அதைப் பழகிக்கொண்டார். அது திணறுகிற இடங்களில் பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன்.

அப்புறம் ஆபீஸில் எல்லோருக்கும் ஏஐ அசிஸ்டென்ட் கொடுத்தார்கள். கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கட்டளைகளை இவர்கள் ‘கோடு’ என்பார்கள். அந்தக் கோடு எழுதித் தரும், அதில் தப்பைக் கண்டுபிடிக்கும். நல்ல விஷயம்தானே? இவருக்குத்தான் வினையாக வந்து சேர்ந்தது. வாயைத் திறந்தால் அது மூடாது. கட்டம் போடும், பொம்மை போடும், ‘மேலே காட்டியபடி’ என்னும். வாசிக்கிற குரலோ எதையும் விடாமல் ஒப்பிக்கும்... ‘பச்சை டிக், பச்சை டிக், நெடுக்குக் கோடு, நெடுக்குக் கோடு...’ கேட்கிற எனக்கே தலை சுற்றியது.

சண்டை நடந்த அன்றும் நான்தான் பக்கத்தில்.

“என்னட்டி சொல்லுது அது?”

“ஏதோ தப்புன்னு சொல்லுதுங்க. அங்கன செவப்பா ஒரு வரி இருக்கு.”

“அங்கனன்னா எங்கன?”

“அங்கனதாங்க... கொஞ்சம் கீழ.”

“ஏட்டி, எனக்கு எல்லாமே அங்கனதான்!”

கத்திவிட்டார். கத்துகிற ஆளே இல்லை அவர். எனக்கோ மூக்குக்கு மேலே கோபம் வரும். இரண்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்ததற்கு இதுதான் மரியாதையா? எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களோடு பேச ஆரம்பித்தேன்.

அவர் கத்தியதற்குக் காரணம் இருந்தது. மாதக் கடைசியில் டீம் முன்னால் ஒரு டெமோ. இந்தப் புது அசிஸ்டென்டை வைத்துக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் வேலை செய்து காட்ட வேண்டும். காட்டினால் கோடு எழுதும் டீமிலேயே இருக்கலாம். இல்லையென்றால் கையேடு எழுதுகிற பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். சம்பளம் குறையாது, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் இருபது வருடமாக, என்ன வேலை என்று கேட்டவர்களிடம் “கோடு எழுதுதேன்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மனிதர். இனி என்னவென்று சொல்வார்?

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிடவில்லை. தனியாக உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், ‘ஸ்கில் எழுதுதேன்’ என்றார்.

அது என்ன ஸ்கில்? எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ராதாபுரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போவேன். மாவு எங்கே, கருப்பட்டி எந்த டப்பாவில், பால்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்... எல்லாம் அதில் இருக்கும். ஸ்கில்லும் அந்த மாதிரிச் சீட்டுதான். இன்ன வேலையை இப்படிச் செய் என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அந்த வேலை வரும்போதெல்லாம் அசிஸ்டென்ட் அதை எடுத்துப் படித்து அதன்படி நடக்கும். தினமும் முதலிலிருந்து சொல்லி மாரடிக்க வேண்டாம்.

சீட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. பார்வை போன புதிதில் ஒருமுறை, பழக்கதோஷத்தில் அதே மாதிரி எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ் வள்ளியூரைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஸ்கில்லோடு அவர் நிற்கவில்லை. ஆபீஸ் வேலைப் பட்டியல், எழுதிய கோடு ஓடுகிறதா என்று சோதிக்கும் இடம் எல்லாவற்றோடும் அசிஸ்டென்டை இணைத்தார். அதுவரை யோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் கையும் காலும் வந்தன. கோடு எழுத ஒன்று, அதில் குற்றம் குறை கண்டுபிடிப்பதற்கென்றே இன்னொன்று. ஏஜென்ட் என்கிறார்கள். குறை சொல்லும் ஏஜென்டுக்கு இவர் வைத்த பெயர் ‘அண்ணாச்சி’. மளிகைக்கடை அண்ணாச்சி மாதிரிச் சரக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாராம்.

பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. முதல் மூன்று நாள் எனக்கு நிம்மதி. நாலாம் நாள் எரிச்சல். ஒரு இயந்திரத்தின் மேல் பொறாமைப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

டெமோவுக்கு நாலு நாள் முன்னால் கூப்பிட்டார்.

“ஏட்டி, இத ஒரு வாசி வாசிச்சு எழுத்துப் பிழை பாரு. இந்தக் குரலுக்கு ரெண்டு சுழியும் மூணு சுழியும் ஒரே சத்தம்.”

ஸ்கில்லைத் தமிழிலேயே எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“இங்கிலீஷ்ல எழுதுனா மரியாதையாத்தான் வருது. தமிழ்லதான் நெனச்சது வருது.”

வாசித்தேன்.

‘அங்கன, இங்கன, மேலே, கீழே என்று சொல்லாதே. எத்தனையாவது வரி என்று சொல்.’

‘சிவப்பு, மஞ்சள் என்று நிறத்தைச் சொல்லி நிறுத்தாதே. என்ன தப்பு என்று சொல்.’

‘ஓடுகிறதா, ஓடவில்லையா... முதல் வரியில் அதைச் சொல். மீதி நான் கேட்ட பிறகு.’

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒவ்வொரு வரியும் என்னைத்தானே குத்துகிறது? கொஞ்சம் கீழே போனால் வேறு மாதிரி இருந்தது.

‘புதுப் பெயர் வந்தால் எழுத்துக் கூட்டிச் சொல்.’

‘நீளமாக இருந்தால் நடுவில் நிறுத்தி, போதுமா என்று கேள்.’

இரண்டும் நான் செய்வது. யாரும் சொல்லித் தராமல், அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நானாகப் பழகியது. அவர் கவனித்திருப்பார் என்றே எனக்குத் தெரியாது.

கடைசி வரிக்கு வந்தேன்.

‘கெட்ட செய்தி என்றால் தாண்டிப் போகாதே. அப்படியே வாசி. நான் தாங்குவேன்.’

அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அந்தச் சண்டைக்குச் சில நாள் முன்பு மேனேஜரிடமிருந்து இவருக்கு ஒரு மெயில் வந்தது. நான்தான் வாசித்தேன். நடுவில் ஒரு பத்தி... கோடு எழுதுவதை விட்டுக் கையேடு பக்கம் வருவதைப் பற்றி யோசிக்கலாமே என்று. அந்தப் பத்தியை விழுங்கிவிட்டேன். “அவ்வளவுதாங்க, நல்லாருக்கீங்களான்னு கேட்டிருக்காவ” என்று முடித்துவிட்டேன். எப்படி வாசிப்பேன், நீங்களே சொல்லுங்கள்?

இப்போதுதான் புரிந்தது. அந்த மெயிலை அவர் தானாகவே மறுபடி திறந்து, அந்த இயந்திரக் குரலில் கேட்டிருக்கிறார். தனியாக. கேட்டுவிட்டுத்தான் ஒரு மாதம் தாருங்கள், டெமோ செய்து காட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இது எனக்காங்க எழுதுனீங்க?”

“அசிஸ்டென்டுக்குத்தாம்ட்டி எழுதுனேன்.” என் பக்கம் திரும்பினார். “ஆனா எழுதும்போது உன் குரல்தான் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஜென்மம் நான். மூன்று இடத்தில் ‘ன’வை ‘ண’ ஆக்கிக் கொடுத்தேன்.

போன வியாழக்கிழமை டெமோ. கதவுக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஏதோ தகராறு, கோடு ஓடவில்லை. பெங்களூரில் ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் பளிச்சென்று கண் தெரிகிறது. பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், நான் தமிழில் சொல்கிறேன். ஆளாளுக்குத் தேடுகிறார்கள்... ‘மேல போங்க, இல்ல இல்ல, கீழ, அந்த மஞ்சளுக்குப் பக்கத்துல...’

“நூத்தி எண்பத்தேழாவது வரி” என்றார் இவர். “தேதியத் தப்பா எடுக்குது. அது நான் எழுதுன வரிதான். அண்ணாச்சி இப்பதான் புடிச்சாரு.”

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள், நல்ல சிரிப்பு.

சாயங்காலம் மேனேஜர் மெயில். வாசித்துச் சொல்ல அந்தக் குரல் தயாராகத்தான் இருந்தது. இவர் அதை நிறுத்திவிட்டுப் பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

“நீ வாசிட்டி.”

வாசித்தேன். கோடு டீமிலேயே தொடரலாம். அந்த ஸ்கில்லை டீம் முழுக்கப் பயன்படுத்தப் போகிறார்கள், கண் தெரிகிறவர்களுக்கும் அது வசதியாக இருக்கிறதாம். அதற்கடுத்த பத்தி வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அதையும் வாசித்தேன். வேகம் முன்பைவிடக் குறைவாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று இருந்தது.

“ம்... உண்மைதான? சொல்லட்டும்” என்றார். என் கை அவர் கையில் இருந்தது. எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை.

பெங்களூர்க்காரர்களுக்காக ஸ்கில்லை இங்கிலீஷில் மாற்றினார்கள். எல்லா வார்த்தையும் மாறியது, ஒன்றைத் தவிர. அதற்குச் சரியான இங்கிலீஷ் வார்த்தை கிடைக்கவில்லையாம். இப்போது டீமில் ஒரு கன்னடக்காரப் பெண்கூட மீட்டிங்கில் யாராவது மொட்டையாகப் பேசினால், ‘நோ அங்கன, ப்ளீஸ்’ என்கிறாளாம்.

நேற்று ஆற்றுப் பக்கம் நடக்கப் போகலாம் என்று கிளம்பினோம்.

“என் செருப்பு எங்கட்டி?”

“அங்...” நாக்கைக் கடித்துக்கொண்டேன். “வாசப்படிக்கு இடது பக்கம், ரெண்டு அடி. வலது கால் செருப்பு வார் அந்துபோச்சு. நேத்து நான்தான் மிதிச்சுப் பிச்சேன்.”

இவர் சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு படி இறங்கினார்.

“ஸ்கில் நல்லாத்தான் வேலை செய்யுது.”