உதடு வரை வந்த பெயர்

மொழியியல் படிக்கிற என் மகள் ஒருநாள் பாடப்புத்தகத்தில் ஓர் அட்டவணையைக் காட்டினாள். 'ங்', 'ம்' இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஒரு மெய்யாம். அடிநாக்கு மேலே ஒட்ட வேண்டும், உதடும் மூட வேண்டும், பிறகு இரண்டும் சேர்ந்தாற்போல் திறக்க வேண்டும். உலகத்தில் சில மொழிகளில்தான் இருக்கிறதாம். "நமக்கெல்லாம் வராதும்மா" என்றாள். நான் சொல்லிக் காட்டினேன். அவள் வாயைப் பிளந்துவிட்டாள்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ஒன்பதாம் கட்டிலில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பல்காரர் ஒருவர் படுத்திருந்தார். ஊரில் குண்டு விழுவதற்கு முன்பே, காலில் புண் என்று அவரை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவருடைய பெயர் அந்த ஒலியில்தான் தொடங்கும். யார் வாயிலும் நுழையவில்லை. வார்டு முழுக்க அவரை 'நைன்' என்றே கூப்பிட்டது.

மருந்து கிடையாது. உப்புப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் புண்ணைக் கழுவி, பழைய துணியைக் கிழித்துக் கட்டுவேன். ஒருநாள் அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "இங்க வந்ததிலேருந்து என் பேரை யாரும் சொல்லலை. நான் இருக்கேனான்னே சந்தேகமா இருக்கு."

எனக்குப் பரிதாபத்தைவிட வீம்புதான் முந்திக்கொண்டது. கான்வெண்டில் உச்சரிப்புக்குப் பரிசு வாங்கியவள் நான், எனக்கு வராததா? ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். 'ங்' வந்தால் 'ம்' ஓடிவிடும். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சரியாக வந்த அன்று சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பெயர் சொல்லித்தான் எழுப்புவேன். எழுப்புவது என்ன, அதற்கு முன்பே முகம் கழுவித் தலைவாரி உட்கார்ந்திருப்பார்.

கூட வேலை பார்த்த மூத்த நர்ஸ் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்தார். "தங்கச்சி, அந்தாள பேரு சொல்லிக் கூப்பிடுறியாமே? ஒனக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்காங்க. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க லா."

ஜப்பான் சிப்பாய்களுக்குப் பயந்து வயதுப் பெண்களை எல்லோரும் அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்த காலம் அது. எனக்கும் ஒரு கிளார்க் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மறுநாள் காலை, "நைன், காலை நீட்டுங்க" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு காலை நீட்டினார். ஏன் என்று கேட்கவே இல்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

புண் பாதி ஆறியிருந்தபோது, நடக்க முடிந்தவர்களையெல்லாம் ஜப்பான்காரன் சயாமுக்குப் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோக லாரி வந்தது. சிப்பாய்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் பட்டியலைப் பார்த்து "நைன்" என்றார். அவர் நொண்டிக்கொண்டே வாசல் வரை போனார். அங்கே நின்று திரும்பி என்னைப் பார்த்தார். எதற்கென்று எனக்குத் தெரியும்.

மூத்த நர்ஸ் என் பக்கத்தில் நின்றார். என் அடிநாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. உதடும் மூடிக்கொண்டது. திறக்க வேண்டியதுதான் பாக்கி. நான் திறக்கவில்லை. சிப்பாய் அதட்டியதும் அவர் போய் லாரியில் ஏறினார். அந்த லாரியில் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

என் கல்யாணம் நல்லபடியாகத்தான் நடந்தது. வந்தவரும் தங்கமான மனிதர். ஆனால் அவரிடம்கூட இதை நான் சொன்னதில்லை. நான் கோழை என்று எந்த வாயால் சொல்வது?

மகள் விடவில்லை, யார் கற்றுக்கொடுத்தது என்று துளைத்தெடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய முழுப் பெயரையும் வாய்விட்டுச் சொன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றாள்.

அவர் கேட்டதும் அதைத்தான். என்னால் சொல்ல முடியவில்லை, அழுதுவிட்டேன்.