பத்து மார்க் கடல்காற்று

யாராவது மைக்கைப் பிடித்து, ஆர்வமுள்ள பிள்ளைகளை இணையக் குழுக்களில் சேர்த்துவிட்டால் போதும், உலகமே அவர்களுக்கு வாத்தியாராகிவிடும் என்று பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவர் சொல்வது பொய்யாக இருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பேன். உண்மை. அதனால்தான் வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். வீடு பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில். அம்மா அங்கேயே ரோட்டோரமாக மீன் விற்றாள். அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேன். பகலெல்லாம் மூன்று பேரும் மூன்று இடத்தில் வெந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் யாருக்கு முதலில் காற்று வந்தது என்று பேசிக்கொள்வோம். எங்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. கடல்காற்று முதலில் அம்மாவின் கடைக்கு வரும், அப்புறம் என் வகுப்பு ஜன்னலுக்கு, கடைசியில்தான் அப்பாவுக்கு.

அந்த ஜூன் மாதத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. காற்று நேரத்தோடு வந்த நாளில் மழை இல்லை. மூன்று மணி தாண்டியும் வராமல் உயிரை வாங்கிய நாட்களில், பல நாள் சாயந்திரம் இடியோடு மழை கொட்டியது. ஏன்? வகுப்பில் கேட்டேன். புவியியல் மிஸ் நல்லவர். "எனக்குத் தெரியலையேம்மா" என்று சொன்ன முதல் டீச்சர் அவர்தான்.

பள்ளிக்கு அப்போதுதான் இன்டர்நெட் வந்திருந்தது. கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். மானிட்டருக்குப் பூப்போட்ட உறை, நெற்றியில் குங்குமம். மிஸ் பள்ளியின் ஈமெயில் முகவரியை வைத்து வானிலைப் பைத்தியங்கள் கூடும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தார். ஒருவர் எழுதினால் உலகம் முழுக்க இருக்கும் அத்தனை பேருக்கும் போகும். "நீ தமிழ்ல எழுதிண்டு வா, நான் இங்கிலீஷ்ல அனுப்பறேன்" என்றார். அனுப்பினார்.

இரண்டே நாளில் பதில். எங்கேயோ ஆஸ்திரேலியாவில் கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வானிலைக்காரர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி, விடை இருக்கிறது, ஆனால் உடனே சொல்லமாட்டேன், இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு நீயே சொல் என்றார். மேகம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கீழே காற்று கடலிலிருந்து வரும்போது, உயரத்தில் மேகம் மேற்கிலிருந்து கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து தள்ளுகிற காற்றுதான் கடல்காற்றைத் தாமதப்படுத்தி, சாயந்திரம் மழையையும் கொண்டுவருகிறது என்று பிடிபட்டது. அதை எழுதியதும் இன்னும் நான்கு பேர் பேச்சில் கலந்துகொண்டார்கள். என்னை யாரும் எந்த ரேங்க் என்று கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் இருவரையும் படுத்தி எடுத்தேன்.

"இன்னாடி, டெய்லி காத்து எப்ப வந்துச்சுன்னு கேட்டுக்கினே கீற. இதுக்கு மார்க்கு போடுவாங்களா?" என்பாள் அம்மா. ஆனால் மீனுக்கு மேல் கட்டிய தார்ப்பாய் காற்றில் திரும்பியதும் எதிர் டீக்கடை கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வாள். அப்பா கடைக்குள் எட்டிப்பார்த்து நேரம் கேட்டு வருவார்.

ஜூலையில் அந்த ஆஸ்திரேலியக்காரர் ஒரு யோசனை சொன்னார். பல ஊர்க் கடற்கரைகளில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் கடல்காற்றைக் கவனித்து எழுதுவது, எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் பெயரிலேயே ஓர் அறிக்கை வெளியிடுவது. சென்னைக் கரைக்கு இந்தப் பெண் இருக்கட்டும், பள்ளி சம்மதித்தால் போதும் என்று எழுதியிருந்தார். அதில் என் பெயர் வந்தால்? அந்த வயதில் நான் அதைத் தவிர வேறெதற்கும் ஆசைப்படவில்லை.

பள்ளி சம்மதம் என்றதும் விஷயம் தலைமையாசிரியையிடம் போனது. மிஸ்ஸையும் என்னையும் கூப்பிட்டார். எல்லாப் பிரிண்ட்அவுட்டையும் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன ரேங்க்?"

பதினேழு என்றேன்.

"ஸ்கூல் பேர்ல ஃபாரினுக்குப் போற விஷயம். ஃபர்ஸ்ட் ரேங்க் பொண்ணு பண்ணட்டும்."

அவ்வளவுதான். மிஸ் பிரிண்ட்அவுட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்தார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

முதல் ரேங்க் பெண் மாடவீதிக்காரி. அவள்மேல் எனக்குக் கோபமில்லை, சொன்னதைச் செய்தாள். அந்த வாரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கேள்வி இதுதான்: நேற்று உங்கள் ஊருக்குக் கடல்காற்று எத்தனை மணிக்கு வந்தது, பிறகு மழை பெய்ததா? அதற்குப் போன பதிலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். கடல்காற்று, வரையறை. கடல்காற்று, காரணங்கள். கடல்காற்றின் நன்மைகள். அதில் மூன்றாவது நன்மை, மீனவர்களுக்குப் பயன்படுகிறது. கேள்வியில் கேட்ட நேற்று மட்டும் எங்குமே இல்லை.

ஆஸ்திரேலியக்காரர் பொறுமைசாலி. மறுபடியும் அதையே கேட்டார், நேற்று எத்தனை மணிக்கு என்று. தலைமையாசிரியைக்குக் கவலை வந்துவிட்டது. பிரேயரில் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் சொன்னார். "போன தடவை அஞ்சு மார்க் கேள்விக்கு எழுதற மாதிரி எழுதிட்டே. அவங்களுக்குப் போதல. பத்து மார்க்குக்கு விரிவா எழுது." அவளும் எழுதினாள். நிலக்காற்றும் சேர்ந்து போனது.

நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் அம்மாவுக்கு இரண்டேகாலுக்கு வந்தது, அப்பாவுக்கு மூன்றுக்கு. வாய்வரை வந்தது. பிரேயரில் வாயைத் திறந்தால் வெளியே நிறுத்துவார்கள். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஆகஸ்டில் கடைசி பதில் வந்தது. என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மிஸ்ஸும் அங்கே நின்றிருந்தார். தலைமையாசிரியை அதைத் தமிழில் சொன்னார். முதலில் வந்த விவரங்களும் பின்னால் வந்த பதில்களும் ஒரே ஆள் எழுதியவையாகத் தெரியவில்லையாம். பின்னால் வந்தவை புத்தகத்திலிருந்து எடுத்தவை. அப்படியானால் முன்னால் வந்தவற்றையும் எங்கிருந்தோ எடுத்திருப்பார்கள் என்று சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. வருத்தத்தோடு சென்னைக் கரையை அறிக்கையிலிருந்து விட்டுவிடுகிறோம்.

"எங்கேர்ந்து காப்பி அடிச்சே?" என்று கேட்டார், என்னைப் பார்த்து.

"அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் கேட்டேன் மிஸ்."

"மீன் விக்கறவங்ககிட்ட கேட்டா ஃபாரினுக்கு எழுதுவாங்க?"

புவியியல் மிஸ்ஸைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வரியையும் தட்டச்சு செய்தவர் அவர். "மேடம்..." என்று ஆரம்பித்து, தரையைப் பார்த்துக்கொண்டார். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நல்லவர் என்பதால் இன்னும் மன்னிக்கவில்லை.

"ஒரே ஒரு மெயில் மிஸ். நான்தான் பாத்தேன்னு மட்டும் அனுப்பிக்கறேன்" என்றேன். கிளாஸுக்குப் போகச் சொன்னார்கள்.

அன்றைக்குக் காற்று வரவே மாட்டேன் என்றது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஐந்தரைக்கு மேல் வீட்டுக்கு நடக்கும்போது மேற்கே வானம் கறுத்து ஏறியது. வீடு போய்ச் சேர்வதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. நான் எழுதிய அத்தனையும் சரி என்று இடிஇடித்துச் சொன்னது. யாருக்கு? அம்மா தார்ப்பாயை மடித்து உதறியபடியே, "காத்து மூணு மணிக்கு மேலதான்டி வந்துச்சு, மறந்துறாத" என்றாள். வேலை வேறு பெண்ணுக்குப் போனதைக்கூட நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. மீன் விற்கிறவள் சொன்னதால் செல்லாது என்று அவளிடம் போய் எந்த வாயால் சொல்வது?

ஏழரைக்கு அப்பா வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தலையைக்கூடத் துவட்டவில்லை, வாசலிலேயே நின்று சொன்னார்.

"நாலு மணிக்கு வந்துச்சும்மா. அஞ்சரைக்கு மழ. கடையில ரெண்டு தபா டைம் கேட்டுட்டேன், தப்பு இல்ல. அவருக்கு எழுதிரு."

"சரிப்பா" என்றேன்.