லயத்தில் பேர் எழுதப் போனது

அன்று காலை மண்டபத்தில் இருந்தவர்கள்: கல்விக் கந்தோரிலிருந்து வந்த பரிசோதகர். எங்கள் கல்லூரி அதிபர். கணக்கு வாத்தியார். தையல் டீச்சர். மணியடிக்கிற பியோனாகிய நான். பிள்ளைகள் பதினொரு பேர்.

நாற்பது பேரையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் பரிசோதகர். இல்லாவிட்டால் மேல் வகுப்பை மூடிவிடுவார்கள். பகல் மணி அடிக்கும்வரை இருப்பதாகச் சொன்னார்.

கல்லூரி என்று பலகையில்தான் இருந்தது. தகரக் கூரை, நாலு அறை. தேயிலைத் தோட்டத்துப் பழைய ஸ்டோரில் தனியாளாகப் பாடம் சொல்லத் தொடங்கியவர் எங்கள் அதிபர். டவுனில் பெரிய வேலை இரண்டு தரம் வந்தது. போகவில்லை. நம்ம லயத்துப் பிள்ளைகள் இங்கிருந்தே பெரிய சோதனை எழுத வேண்டும் என்பார். உட்கார மாட்டார். வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார். பார்க்கிற எனக்கும் கால் நிற்காது.

தப்பு என்னுடையது. கொழுந்து கூடிய மாதம். பெரிய பிள்ளைகள் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடும். "லயத்துக்கே போயி பேரெழுதிடுங்க சேர். எழுதிட்டா வருவாங்க" என்று நான்தான் சொன்னேன். முந்தின வாரம் லயத்து வீட்டு வரிசையில் கதவு கதவாகப் போனோம். கோட்டுப் போட்டிருந்தார். கல்லூரிப் படிவத்தில் உள்ளபடி பிள்ளை பேர், தகப்பன் பேர், தகப்பன் பிறந்த ஊர் எல்லாம் கேட்டுக் கொப்பியில் எழுதினார். எல்லாரும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். பேர் எழுதி இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பிரஜாவுரிமைப் பயம் இருந்த காலம். மறுநாளிலிருந்து வந்துகொண்டிருந்த பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். நானும் லயத்தில் பிறந்தவன்தான். எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பரிசோதகரை மண்டபத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஓடினேன். கொழுந்துக் கூடையோடு ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன தம்பி, கப்பலு எத்தன மணிக்கு?"

பக்கத்து நிரையில் சிரித்தார்கள்.

"பள்ளிக்கூடத்துக்குத்தாங்க்கா எழுதுனோம்."

"பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு புள்ளையோட அப்பன் பொறந்த ஊரு?"

அதற்குள் அதிபரே மேலே ஏறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கொப்பியை அவளிடம் நீட்டினார்.

"இந்தாங்கம்மா. நீங்களே வச்சிக்கிங்க."

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசிக்கத் தெரியாது. என்னிடம் கொடுத்தாள்.

"எம்மவ பேரு எதுல இருக்கு? கிழி."

கிழித்தேன். அடுத்தவள் வந்தாள். அதையும் கிழித்தேன். அதிபர் நிரைக்கு நடுவே மேலும் கீழும் நடந்தார்.

"கிழிச்சாலும் அவரு மனசுல இருக்குமே" என்றாள் ஒரு கிழவி. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள். அவளோடு சிலர் போனார்கள்.

மற்றவர்கள் மலையில் நின்ற பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். கொழுந்துக் கறைக் கையோடு வந்தார்கள். லயத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். கதவுகளை நானே தட்டினேன். சில கதவு திறக்கவில்லை.

மணி அடிக்கும் நேரம் வந்தது. அதிபர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் பிந்தி அடித்தேன். அதற்குமேல் முடியவில்லை.

பரிசோதகர் எழுந்து விரலை நீட்டி எண்ணினார். முதல் வரிசையிலிருந்து இன்னொரு தரம் எண்ணினார். அதிபர் அப்போது நடக்கவில்லை.

முப்பத்தாறு.