மூன்றாம் அறையில் மணி 7:46

நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மதியம் 2:10. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவர் யாரும் எங்கள் கிடங்குக்கு வந்ததில்லை.

பழங்களைக் குளிரில் வைத்து, பெட்டி கட்டி அனுப்பும் கிடங்கு. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை நிரந்தரமாக இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதை நம்பித்தான் அப்பா மூட்டை தூக்குவதை நிறுத்தியிருந்தார்.

பன்னிரண்டு நாளுக்கு முன் மூன்றாம் அறையில் ஒருத்தி விறைத்துச் செத்துக் கிடந்தாள். பழக்கூழை உறைய வைக்கும் அறை அது. பெட்டி கட்டும் பெண். 'பொடிசு' என்போம். ஆள்தான் குள்ளம், வாய் இரண்டு ஆள் வாய்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. குளிர் அறைக்குள் போகிறவள் தன் வருகை அட்டையைக் கழற்றி, கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அட்டை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். மேனேஜர் ஆணியைப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். இவ்வளவுதான் அவர் செய்ய வேண்டியது. ஆணியைப் பார்ப்பது.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? பொடிசு 5:31-க்கே அட்டையைத் தேய்த்துவிட்டு வெளியே போனாளாம். அப்புறம் திருட வந்து மாட்டிக்கொண்டாளாம். வருகைப் பதிவும் அதையே சொன்னது. எண் 117, வெளியே, 5:31. அவள் அக்கா மட்டும் தினமும் கேட் முன்னால் நின்று, "என் தங்கச்சி திருடி இல்லடா" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போவாள்.

மறுநாள் தொழிலாளர் துறை அதிகாரி விசாரணைக்கு வருவதாக இருந்தது. அதனால்தான் லீவு நாளில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"வருகைக் கம்ப்யூட்டர்ல நேரம் என்னமோ தப்பா ஓடுதும்மா. சரி பண்ணிடு. அப்படியே, 'நேரம் எப்பவும் சரியா இருந்துச்சு'ன்னு இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து."

"தப்பா ஓடுதுன்னு நீங்கதான் சொல்றீங்க சார்."

"நாலு எழுத்து படிச்சுட்டா இந்த வாய் வந்துடும். வேலை நிரந்தரமாகணுமா, வேணாமா?"

பேப்பரை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

கம்ப்யூட்டருக்குள் இரண்டு கடிகாரம் உண்டு. ஒன்று திரையில் தெரிவது. அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். இன்னொன்று உள்ளே ஒரு சிப்பில், பொத்தான் பேட்டரியில் ஓடுவது. மின்சாரம் போனாலும் நிற்காது. திரை நேரம் கெட்டுப்போனால், உள்நேரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஒரே வரிக் கட்டளை.

திரை நேரம் நாற்பது நிமிடம் பிந்தி இருந்தது. யாரோ அதைப் பின்னால் இழுத்துவிட்டு, திரும்ப வைக்கும்போது குத்துமதிப்பாக வைத்திருக்கிறார்கள். எதற்கு இழுத்தார்கள்? ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்து 5:31-க்குத் தேய்க்கவா?

2:14. கட்டளையைத் தட்டினேன்.

இரவு 7:46 என்று வந்தது. தேதி... பன்னிரண்டு நாளுக்கு முந்தையது.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். போனைப் பார்த்து, சிப்பில் சரியான நேரத்தை எழுதினேன். திரும்பப் படித்தேன்.

7:46.

நொடிகள் மட்டும் ஓடின. 57... 58... 59... மறுபடியும் 7:46, பூஜ்யம் நொடி.

2:23. வயரைப் பிடுங்கினேன். மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினேன். பனிக்கட்டியைத் தொட்டதுபோல் அது விரலில் ஒட்டிக்கொண்டது. உதறித் தள்ளிவிட்டுப் புதியதைப் போட்டேன்.

7:46.

டொக்... டொக்... டொக்...

மூன்றாம் அறைப் பக்கமிருந்து. உள்ளிருந்து தட்டும் சத்தம்.

2:36. மேனேஜர் வந்தார். "என்னம்மா, எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்ட?"

"உள்நேரம் 7:46-லயே நிக்குது சார்."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "உனக்கு யார் சொன்னா?"

"எதை?"

"நான் பூட்டின..." வாயை இறுக்கிக்கொண்டார்.

டீக்.

வருகைக் கருவியின் சத்தம். அதன் பக்கத்தில் யாருமில்லை. திரையில் ஒரு வரி விழுந்தது.

117. வெளியே. 7:46.

டீக்.

9. உள்ளே. 7:46.

ஒன்பது, மேனேஜரின் எண். அவர் அட்டை அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

டொக்... டொக்... டொக்...

"அந்த அக்காகாரிதான்! எப்படியோ உள்ள பூந்துட்டா!" அவர் ஓடினார். "பன்னெண்டு நாளா அந்த ரூமுக்குக் கரன்ட்டயே கட் பண்ணி வச்சிருக்கு, அங்க உனக்கு என்னடி வேலை?"

கதவை இழுத்துத் திறந்து இரண்டடி உள்ளே வைத்தார்.

கதவு சாத்திக்கொண்டது.

2:41.

கைப்பிடியை இழுத்தேன். யாரும் பூட்டவில்லை, தாழ் போடவில்லை. அசையவில்லை. உள்ளே அவர் குரல்... "திறம்மா... குளிருதும்மா..."

ஆணியைப் பார்த்தேன்.

அட்டை தொங்கியது.

எண் 9.

ஒரு நொடி கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். மறைக்க மாட்டேன். எடுத்தேன். அப்புறம் மறுபடி இழுத்தேன்.

தட்டும் சத்தம் மெலிந்தது...

நின்றது.

2:45. கதவு தானாகத் திறந்தது.

அவர் சுருண்டு கிடந்தார். புருவத்தில் பனி. தரையில் பனி இல்லை.

டீக்.

9. வெளியே. 8:51.

ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடவில்லை. நேரம் நாற்பது நிமிடம் பிசகியிருந்தது, யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள் என்று மறுநாள் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். என் வேலை போனது. அப்பா மறுபடி மூட்டை தூக்கப் போனார். ஆனால் பொடிசைத் திருடி என்று சொல்ல அதற்கப்புறம் யாருக்கும் வாய் வரவில்லை.

ஒன்று பாக்கி. அதே ஞாயிறன்று மாலை 6:20-க்கு, ஆஸ்பத்திரி நடையில் டாக்டர் என்னை நிறுத்தினார். எட்டு விரல் கறுத்துவிட்டது, எடுத்தாக வேண்டும் என்றார். கோபமாக இருந்தார்.

"மைனஸ் இருபதுல ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்த உடம்பும்மா இது. அவ்வளவு நேரம் ஒரு ஆள் கதவைத் தட்டியிருக்கார். நீ வெளிய என்ன பண்ணிட்டிருந்த?"